தேடினால் கிடைக்கிற தலைப்பு

நாத்தனார் ஆய்வகத்துக்குப் போவதை நிறுத்தியபோது வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆராய்ச்சி மாணவி, களைத்திருப்பாள் என்று அண்ணன்காரன் விட்டுவிட்டான். அண்ணிக்குத்தான் மனம் கேட்கவில்லை. அவள், நாத்தனார் படிக்கிற அதே பல்கலைக்கழகத்தின் இணையதளப் பிரிவில் வேலை பார்க்கிறவள்.

அண்ணி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். சமையலறைக் கதவோரம் வந்து நின்ற நாத்தனார், "அண்ணி, உங்க வெப்சைட்ல புகார் குடுக்கறதுக்குன்னு ஒரு பக்கமே கிடையாதா?" என்றாள்.

"எதைப் பத்தி?"

"எங்க கைடு பத்தி."

அண்ணி கத்தியைக் கீழே வைத்தாள். மற்றதை மெல்ல மெல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அறைக்கு வந்தால் கதவைச் சாத்தச் சொல்வாராம். தோளில் கை வைப்பாராம். அந்தக் கையைத் தட்டிவிட்ட நாளிலிருந்து, அவள் எழுதிய எதையும் படிக்காமல் இழுத்தடிக்கிறாராம்.

"பக்கம் இருக்கே, கண்ணு."

"தேடித் தேடிப் பாத்துட்டேன் அண்ணி. 'பேராசிரியர் தொல்லை புகார்'னு போட்டா, அவருக்கு நல்லாசிரியர் விருது குடுத்த செய்திதான் முதல்ல வருது."

மறுநாள் அலுவலகத்தில் அண்ணி அந்தப் பக்கத்தைத் திறந்தாள். 'பாலின நல்லிணக்க உள்ளக ஆலோசனைக் குழு – அறிமுகம்' என்று தலைப்பு. குழுவே சூட்டிக்கொண்ட பெயர். அழுது முடித்துவிட்டு போனை எடுக்கிற ஒரு பெண் இந்த வார்த்தைகளில் ஒன்றையாவது தேடுவாளா? அண்ணி அதை அழித்தாள். 'பேராசிரியர் பாலியல் தொல்லை கொடுத்தால் புகார் செய்வது எப்படி?' என்று அடித்துச் சேமித்தாள். தலைப்பு வைப்பது அவள் வேலை, யாரையும் கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் தேடலில் விருதுச் செய்தி கீழே இறங்கி, புகார்ப் பக்கம் மேலே ஏறியது. பல்கலைக்கழகப் பதிவாளர் அண்ணியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னம்மா இது? வெளியில இருந்து பாக்கறவன், இங்க இதெல்லாம் நடக்குதுன்னுல்ல நினைப்பான்?"

"நடக்குது சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பழைய தலைப்பையே போட்டுடுங்க."

"பழசைப் போட்டா தேடறவங்களுக்குக் கிடைக்காது."

"கிடைக்கலைன்னா குடியா முழுகிடும்?"

"முழுகினவங்க இருக்காங்க சார். என் வீட்டுலயே இருக்கு ஒண்ணு."

பதிவாளர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

"நான் மாத்த மாட்டேன். வேணும்னா, தேடினா இந்தப் பக்கம் கிடைக்கக் கூடாதுன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

பேனாவை எடுத்தவர், மூடியைத் திறந்து, திரும்ப மூடிவிட்டார்.

அன்று மாலையே அவளுடைய கடவுச்சொல்லை முடக்கி, அவளை விளையாட்டுத் துறை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். தலைப்பை மாற்றும் பொறுப்பு பக்கத்து நாற்காலிக்காரனுக்கு வந்தது. வாயைத் திறக்கவே மாட்டான் என்பதால் எல்லோரும் அவனை ஊமைக்கோட்டான் என்பார்கள். பொழுதன்னைக்கும் தமிழில் தட்டித் தள்ளுகிறவன், பதிவாளர் முன்னால் போய் நின்று, "எனக்குத் தமிழ் டைப்பிங் வராது சார்" என்றானாம். பதிவாளர் அடுத்த ஆளைக் கேட்டார். அந்த அம்மாளும் எழுத்தில் உத்தரவு கேட்டாள். அதற்குமேல் யாரையும் கேட்க அவருக்குத் துணிவில்லை. தலைப்பு அப்படியே நின்றது.

நாத்தனார் புகார் கொடுத்தாள். அவளுக்கு முன்னால் அதே நெறியாளரிடம் படித்துவிட்டுப் போன இரண்டு பெண்களும் எங்கிருந்தோ அந்தப் பக்கத்தைப் பார்த்துப் புகார் எழுதினார்கள். விசாரணை இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் நாத்தனாருக்கு நெறியாளரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். விருதுக்காரருக்குப் புதிதாக மாணவிகளை ஒதுக்குவதில்லை.

விஷயம் முழுதும் தெரிந்த பிறகு அண்ணன்காரனுக்கு உட்கார முடியவில்லை. தங்கை ஆய்வகத்துக்குத் திரும்பப் போகிற காலையில் வண்டிச் சாவியோடு வாசலில் நின்றான்.

"நான் கூட வர்றேன். அவன் எதிர்ல வந்தா?"

"வரட்டும்ணா," என்று நாத்தனார் செருப்பை மாட்டினாள். "ஒதுங்கிப் போகவேண்டியது அவர்தான்."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். அண்ணி புருஷனின் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள்.