ராணி தலையை வெட்டிய கேப்டன்

கேப்டன் ஓபெத் நிக்கர்சனுக்கு வீம்பு ஜாஸ்தி. ராணியின் கீழ் தனிச் சீமையாக இருந்த எங்கள் நோவா ஸ்கோஷியாவைக் கனடாவோடு முடிச்சுப் போட்ட அன்று ஊரே கறுப்புத் துணி கட்டித் துக்கம் காத்தது. மறுநாள் அவிழ்த்துவிட்டுப் பிழைப்பைப் பார்த்தது. இவர் மட்டும் தன் கப்பலில் ஏற்றிய கறுப்புக் கொடியை இறக்கவே இல்லை. கடற்பறவைகள் எச்சமிட்டு எச்சமிட்டு அது சமாதானக் கொடியாக வெளுத்துவிட்டது.

அந்த மனுஷர் யார்மத் ஊர் விதவை லெட்டிஷா டோனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். நேரில் போனால் மீன் விலை பேசிவிட்டுத் திரும்பிவிடுவார். ஆகவே கடிதம் எழுதினார். ஊர்த் தபாலும் என் கடையில்தான்.

புதிதாக வந்த தபால்தலையை நீட்டினேன். சிவப்பில் ராணி, தலைக்கு மேலே 'கனடா'.

"இந்தக் கருமத்தை நான் நக்கணுமா, ஹன்னா?"

"தண்ணி தொட்டு ஒட்டுங்களேன்."

"ராணி நம்ம ராணி. மேல இருக்கிறதுதான் பீடை. கத்தரிக்கோலைக் கொடும்மா!"

'கனடா'வை நறுக்கி எறிந்துவிட்டு ராணியை மட்டும் ஒட்டினார்.

"வெட்டினது செல்லாதுய்யா! வாங்குறவங்க அபராதம் கட்டணும்."

"ராணியையே செல்லாதுன்னு எவன் சொல்லுவான்?"

சட்டம் பேசுகிறாராம்!

வாங்க மறுத்ததாகக் குறிப்போடு கடிதம் திரும்பி வந்தது. மனுஷர் ஆடிப்போய் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"பொண்ணு கேக்கிற லெட்டருக்கு அவளையே காசு கட்டச் சொன்னா எவ வாங்குவா?" என்றேன்.

"கருவாட்டையும் கிழங்கையும் வச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாள் தனியா உக்காந்து திங்கிறது, ஹன்னா?"

எனக்கே பாவமாகிவிட்டது. முழுத் தபால்தலையை வாங்கினார். தண்ணீர்க் கிண்ணத்தை நகர்த்தினேன். "வேணாம், செய்யறதை ஒழுங்காச் செய்யறேன்" என்று கண்ணை மூடிக்கொண்டு, விளக்கெண்ணெய் குடிக்கிற முகத்தோடு நக்கினார். கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள், பாவிகள்.

அதுவும் பிரிக்காமலே திரும்பி வந்தது. உறையின் பின்பக்கம் அவள் கையெழுத்து:

"கனடாக்காரனுக்கு அபராதம் கட்டமாட்டேன் என்றுதான் முதல் கடிதத்தைத் திருப்பினேன். வெட்டின தபால்தலையைப் பார்த்து, இவரல்லவா ஆண்பிள்ளை என்று பூரித்தேன். நேரில் வருவீர்கள் என்று வாசலையே பார்த்திருந்தேன். நீங்களோ கனடாவை முழுசாக ஒட்டி அனுப்புகிறீர்கள். இதை நக்கின வாய்க்கு என் வீட்டில் முத்தம் கிடையாது."

இரண்டு தரம் படித்தார்.

"பாத்தியா ஹன்னா, எப்பேர்ப்பட்ட பொம்பளைன்னு!" என்றார் பெருமையாக. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.