இடம் இருக்கு, வாங்க

பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவளுக்கு ஊரில் மைக் அக்கா என்றுதான் பெயர். பதினேழு ஆண்டுகளாகக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவள். அவள் முகம் தெரியாதவர்கள்கூட, காய்கறிக் கடையில் அவள் "அரைக் கிலோ வெங்காயம்" என்றதும் திரும்பிப் பார்ப்பார்கள். "வெங்காயம் எந்த நடைமேடையில நிக்குதுக்கா?" என்று கடைக்காரர் கேலி செய்வார்.

அந்தக் குரலுக்காகத்தான், கோடை நடுவில் ஆற்றங்கரையில் நடக்கும் நாட்டுப்புறக் கலைவிழாவுக்கு ஆண்டுதோறும் அவளைக் கூப்பிட்டார்கள். மூன்று நாள் விழா. சுற்று வட்டாரத்துப் பாட்டுக்காரர்களும் ஆட்டக்காரர்களும் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குவார்கள். அவளுக்குக் கரையில் ஒரு பரண், ஒரு நாற்காலி, ஒரு மைக். மேலிருந்து பார்த்தால் கூட்டம் முழுக்கத் தெரியும். காலிப் பீப்பாய்களின் மேல் பலகை அடித்து ஆற்றில் மிதக்கவிட்ட மேடையும் தெரியும். கடைசி நாள் நான்கு மணிக்கு அந்த மிதவையில் வட்ட ஆட்டம். யார் வேண்டுமானாலும் ஏறி ஆடலாம்.

ஓர் ஆண்டு, மூன்றே முக்காலுக்கே மிதவை நிறைந்துவிட்டது. ஒரு பக்கத்துப் பலகை தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழுவதைப் பார்த்ததும் அவள் மைக்கைக் கையால் மூடினாள். மிதவையைக் கட்டிய மேடைக்காரர் அப்போது பரணில்தான் ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"அண்ணே, தாங்குமா இது?"

அவர் எட்டிப் பார்த்தார். "நூறு பேருக்குத்தாம்மா போட்டேன். இப்பவே நூத்தம்பது இருக்கும்."

அவள் விழாக் குழுச் செயலாளரைக் கைபேசியில் கூப்பிட்டாள். இரைச்சலில் காது கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், மிதவை நிறைஞ்சிடுச்சு. போதும்னு சொல்லட்டுமா?"

"என்ன போதும்? கேமரா இப்பத்தான் மேல ஏறுது. ஒரு மூலை வழுக்கையா தெரியுது. இன்னும் கொஞ்சம் ஆளை வரச் சொல்லு."

"சார், மேடைக்காரரே சொல்றாரு..."

"உன்னைப் பேசத்தானே கூப்பிட்டிருக்கோம்? பேசும்மா."

மைக்கை அணைத்துவிட்டு இறங்கிப் போயிருக்கலாம். அது அவளுக்கு அப்போதே தெரியும். ஆனால் அடுத்தவர் சொன்னதைச் சொல்லியே பழகிய வாய். "இடம் இருக்கு, வாங்க! இன்னும் இடம் இருக்கு!" என்றாள்.

அதோடு விட்டிருந்தாலும் போயிருக்கும். கரையோர மரத்தடியில் பழச்சாறுக் கோப்பையோடு தங்கையின் கணவர் நிற்பது அவள் கண்ணில் பட்டது. கண்ணாடி அறுக்கும் கடை வைத்திருப்பவர். நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் மனிதர். கூட்டத்தைச் சிரிக்க வைக்கும் வழக்கத்தில் அவள் சொன்னாள்: "கண்ணாடிக்கடை மாப்பிள்ளை! பொண்டாட்டிக்குப் பயந்து மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சா எப்படி? மிதவைக்கு வாங்க!"

கூட்டம் சிரித்தது. அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். பக்கத்தில் நின்றவர்கள் விடுவார்களா? ஆளுக்கொரு தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் ஏற்றினார்கள்.

மேளம் தொடங்கி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. வட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது பீப்பாய்க் கட்டு அறுந்தது. மிதவை கவிழ்ந்தது. மற்றவர்களை எல்லாம் கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டார்கள். இருபது பேருக்குக் காயம். நீச்சல் தெரியாத கண்ணாடிக்கடைக்காரரை மட்டும் அரை மணி நேரம் கழித்துத்தான் எடுக்க முடிந்தது.

விசாரணை வைத்தார்கள். நூறு பேருக்கு மேல் ஏற்றக்கூடாது என்று அறிவிப்பாளரிடம் எழுத்து மூலம் சொல்லியிருந்ததாகச் செயலாளர் ஒரு தாளை நீட்டினார். அப்படி ஒரு தாளை அவள் பார்த்ததே இல்லை. பழியை அழகாக மடித்து அவள் தலையில் கட்டிவிட்டார்கள். அவள் சாட்சி சொல்லக் கேட்டு, மேடைக்காரரைத் தேடிப் பட்டறைக்குப் போனாள். அவர் இழைப்புளியைக் கீழே வைக்காமலே பேசினார்.

"கேட்டேம்மா. அவரு சொன்னதை ரெண்டு காதாலயும் கேட்டேன். ஆனா இந்த ஊர்ல எங்க மேடை போடணும்னாலும் அவரு கையெழுத்து வேணும். எனக்கும் குடும்பம் இருக்கு."

தங்கையிடம் போனாள். பதினாறாம் நாள் அது. கூடத்தில் அறுக்காத கண்ணாடிகள் சுவரில் சாய்ந்திருந்தன. நடந்ததை எல்லாம் அவள் சொல்லி முடிக்கும் வரை தங்கை தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவரைக் கூப்பிட்டியா இல்லையா?"

"கூப்பிட்டேன். ஆனா அந்தச் செயலாளர்..."

"நான் அவரைப் பத்திக் கேக்கல."

"கூப்பிட்டேன்டி."

தங்கை எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். "பெரியம்மா, சாப்பிட்டீங்களா?" என்று உள்ளேயிருந்து வந்த மகளைப் பார்வையாலேயே உள்ளே அனுப்பினாள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது.

நிலையத்தில் அவளை வேலையை விட்டு எடுக்கவில்லை. அங்கே அவள்மேல் குறை ஒன்றும் இல்லை. ஆனால் காய்கறிக் கடைக்காரர் கேலியை நிறுத்திவிட்டார். அவள் கேட்டதை எடை போட்டுப் பையில் போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். அவளும் காயை விரலால் காட்டியே வாங்கப் பழகிக்கொண்டாள்.

மறு ஆண்டு விழா வந்தது. முந்தைய வாரமே ஒரு செய்தி அவள் காதில் விழுந்தது: விழாக் குழு அலுவலகத்தில் தங்கைக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள், தொடக்க நாளில் அவள்தான் பேசப் போகிறாள். மைக் அக்கா அன்று காலை முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, ஆற்றங்கரைக்குப் போகும் சிறப்புப் பேருந்துகளை அறிவித்தாள். பிறகு உணவு இடைவேளையில் தானே அதில் ஒன்றில் ஏறினாள்.

மிதவை இல்லை. கரையில் கெட்டியான மேடை. மேடைக்காரர் அவளைப் பார்த்ததும் ஏணிக்குப் பின்னால் வேலை இருப்பதுபோல் நகர்ந்தார். செயலாளர் மாலையோடு முதல் வரிசையில் இருந்தார். தங்கை தாளைப் பிரித்துப் படித்தாள். தொடக்கத்தில் குரல் நடுங்கியது, போகப் போக நிமிர்ந்தது. "ஒலிபெருக்கியில் பொறுப்பில்லாமல் விடுக்கப்பட்ட அழைப்பால் என் கணவரை இழந்தேன். அந்தத் துயரத்தில் விழாக் குழு எனக்குத் துணை நின்றது." கூட்டம் எழுந்து நின்று தலை குனிந்தது. மைக் அக்காவும் நின்றாள்.

மேடைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி அருகே தங்கையைப் பிடித்தாள்.

"யாரு எழுதிக் கொடுத்தது?"

"செயலாளர்."

"அவரு சொல்லித்தான் நான்..."

"தெரியும்." தங்கை தாளை நாலாக மடித்தாள். "மேடைக்காரர் போன மாசம் வீட்டுக்கு வந்து அழுதுட்டுப் போனாரு. எல்லாம் தெரியும்கா."

"தெரிஞ்சும் படிச்சியா?"

"படிக்காம? புள்ளைய எப்படி வளர்ப்பேன்? இந்த வேலையை நீ குடுப்பியா?" என்றாள் தங்கை. "அவர்கிட்ட எனக்குக் காரியம் ஆகணும், சிரிச்சுப் பேசறேன். ஆனா உன்கிட்ட எதுக்கு வேஷம்? அவரு கண்ணாடிக்கடை மாப்பிள்ளைன்னு என் புருஷனைக் கூப்பிடல. பொண்டாட்டிக்குப் பயந்தவர்னு நாலு பேரைச் சிரிக்க வைக்கல. அது நீதான். என் புருஷன் அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் போயிருப்பாரு. எனக்குத் தெரியும் அவரை."

தங்கை சொன்னதில் பொய் என்று எதைப் பிரித்து எடுப்பது? மேடையில் தங்கையைத் தேடி யாரோ கூப்பிட்டார்கள். அவள் முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறினாள்.

மறுவாரம் மைக் அக்கா பயணிகள் தவறவிட்ட பொருள்கள் வைக்கும் அறைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். குடை, செருப்பு, டிபன் டப்பா, பல் செட்டு. அங்கே யாரும் அதிகம் பேச வேண்டியதில்லை. வந்தவர்கள் கையைக் காட்டுவார்கள், அவள் எடுத்துக் கொடுப்பாள்.

தங்கை அடுத்தடுத்த ஆண்டுகளில் விழாவின் அறிவிப்பாளராகவே ஆகிவிட்டாள். செயலாளரே பரிந்துரைத்தார். நன்றாகப் பேசுகிறாள், அப்படியே அக்கா குரல் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அதைத் தங்கையிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.