நாகாத்தம்மன் விஷயத்தில் நான் சொன்ன தீர்ப்பு

1

இந்தக் கதை நான் ஒரு மேடையில் சொன்ன வாக்கியத்திலிருந்து தொடங்கியது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். “அறிவியலும் ஆன்மிகமும் மனிதனுக்கு இரண்டு கண்கள்” என்றேன். கைதட்டினார்கள். சால்வை போர்த்தினார்கள். அடுத்த மாதமே அந்த வாக்கியம் ஓர் அரசுப் பள்ளிக்குள் தகரக் கொட்டகையாகவும் இரும்பு வேலியாகவும் நின்றது.

பெரம்பலூரில் காப்பீட்டு முகவராக இருக்கிறேன். கதை எழுதுவது பகுதி நேரம். பட்டிமன்ற நடுவர் வேலை அதையும்விடப் பகுதி நேரம். இரண்டிலும் யாரையும் பகைத்துக்கொள்ளாமல் இருப்பதே என் வழக்கம். அந்த வழக்கம்தான் இங்கே மாட்டிக்கொண்டது.

2

தொடக்கத்தைப் பலமுறை எழுதிப் பார்த்தேன்.

‘பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த ஊர் கடலுக்கு அடியில் கிடந்தது. அந்தக் கடலில் —’

விட்டுவிட்டேன். அரியலூரைப் பற்றி எழுதும் எல்லோரும் கடலில்தான் இறங்குகிறார்கள்.

‘மணிமொழி டீச்சருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆகவே அவர் —’

இது பொய். அவர் மாதந்தோறும் கிருத்திகைக்குச் செட்டிகுளம் மலையேறி முருகனைக் கும்பிட்டுவிட்டு வருகிறவர். நம்பிக்கை இல்லாதவர் என்று வைத்துக்கொண்டால் கதை எழுத எளிது. அப்படி வைத்துக்கொள்ள அவர் இடம் தரவில்லை.

நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

3

குன்னத்துக்கும் அரியலூருக்கும் நடுவே ஒரு கிராமம். பெயரை எழுதவில்லை. அங்கே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. அறிவியல் ஆய்வகம் கட்டப் பணம் வந்திருந்தது. பிப்ரவரி முதல் வாரத்தில் அஸ்திவாரம் தோண்டினார்கள். தோண்டியவர்களில் ஒருவர் அமாவாசை. ஊருக்குக் கிழக்கே காலனியில் வீடு. அவர் மகள் நந்தினி அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்.

ஐந்தடி ஆழத்தில் கடப்பாறை ‘ணங்’ என்றது. அமாவாசை கையாலேயே மண்ணைத் தள்ளினார். மோட்டார் சைக்கிள் சக்கரம் அளவுக்கு ஒரு கல். உள்ளே சுருண்டு சுருண்டு போகும் வரிகள். நான்கு பேர் சேர்ந்து தூக்கி மேலே வைத்தார்கள். அமாவாசை ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்.

அறிவியல் ஆசிரியை மணிமொழி ஓடிவந்து பார்த்தார். அம்மோனைட் என்றார். கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு கடல்வாழ் உயிரின் ஓடு, கல்லாகிவிட்டது என்று பிள்ளைகளுக்கு விளக்கினார். பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். அமாவாசையை ஒன்பதாம் வகுப்புக்குள் அழைத்து, தன் நாற்காலியில் உட்காரச் சொல்லி, கண்டெடுத்த விதத்தைச் சொல்லும்படி கேட்டார்.

அமாவாசை உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

“மொதல்ல பழைய ஆட்டுக்கல்லுன்னு நெனச்சேன். தடவிப் பாத்தா வரி வரியா இருக்கு. ஒடஞ்சிடக்கூடாதுன்னு கடப்பாறைய வச்சிட்டுக் கையால பறிச்சேன்.”

நந்தினி தன் நோட்டில், ‘கண்டெடுத்தவர்: அ. அமாவாசை’ என்று எழுதிக்கொண்டாளாம்.

4

நான்காம் நாள் காலை கல்லில் மஞ்சளும் குங்குமமும் இருந்தன.

வைத்தது ஜெயலட்சுமி. ஊராட்சித் துணைத்தலைவர் வைத்திலிங்கத்தின் மனைவி. வாரம் இரண்டு முறை பெரம்பலூருக்கு டயாலிசிஸ் போய் வருபவர். கல்லைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தவருக்கு அது படம் சுருக்கிப் படுத்திருக்கும் நாகமாகத் தெரிந்தது. அதன் எதிரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அன்றைக்குப் பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார்.

(வைத்திலிங்கத்தை வில்லனாக எழுதலாமா என்று இந்த இடத்தில் யோசித்தேன். முறுக்கு மீசையெல்லாம் வைத்துப் பார்த்தேன். மனைவி தூங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதருக்கு அந்த மீசை ஒட்டவில்லை.)

ஒரே வாரத்தில் கல் நாகாத்தம்மன் ஆனது. அஸ்திவாரக் குழியை மூடிவிட்டு, எடுத்த இடத்திலேயே அம்மனை வைக்க வேண்டும் என்று ஊரில் பேச்சு எழுந்தது. குழியில் வேலை நின்றது.

5

தலைமையாசிரியர் முத்துசாமி. இளம் வயதில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கோயில் வாசலிலேயே நின்று கடவுள் மறுப்புப் பேசியவர். தாலி, ஐயர் இல்லாமல் திருமணம் செய்துகொண்டவர். மே மாதம் ஓய்வு.

மணிமொழி அவரிடம் போய், “சார், கவர்ன்மெண்டு ஸ்கூல் காம்பவுண்டுக்குள்ள கோயில் கட்டக்கூடாதுங்க சார்” என்றார்.

“தெரியும்மா. எனக்குத் தெரியாத ரூல்ஸா? இன்னும் மூணு மாசம். நான் போனப்பறம் இடிங்க, கட்டுங்க, என்ன வேணா செய்ங்க.”

“உங்களுக்கு இதுல நம்பிக்கையே இல்லையே சார்?”

“அதான் சொல்றேன். எனக்கு அது வெறும் கல்லு. கல்லு எங்க கெடந்தா எனக்கென்ன?”

(நாத்திகர் கோயிலை விடுகிறார், பக்தை எதிர்க்கிறார். வாசகர் இதை நான் வசதிக்காகத் திருப்பிப் போட்டதாகச் சந்தேகிப்பார். நானாக இருந்தாலும் சந்தேகிப்பேன். முத்துசாமியை ஆத்திகராக்கி ஒரு பிரதி எழுதினேன். அதில் அவர் சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று. “எனக்கு அது வெறும் கல்லு” என்ற சோர்வு நம்பாதவருக்குத்தான் வரும்.)

முடிவெடுப்பதைத் தள்ளிப்போட முத்துசாமி கண்டுபிடித்த வழிதான் பட்டிமன்றம். பிப்ரவரி 28, அறிவியல் தினம். தலைப்பு: ‘வாழ்வுக்கு வழிகாட்டுவது அறிவியலா, ஆன்மிகமா?’ நடுவர்: நான்.

6

மேடையைக் கல்லுக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். கூட்டம் தொடங்கும் முன் அமாவாசை நாற்காலிகளை இறக்கி வரிசை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாற்காலியோடு கல் ஓரமாகப் போனபோது முன்வரிசையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார்.

“அமாவாச, அந்தப் பக்கமா சுத்தி வாப்பா. அம்மன் இருக்குல்ல.”

திட்டவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். அமாவாசையும் சுற்றிக்கொண்டு வந்தார். நான் மேடையிலிருந்து இதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை இரண்டு முறை எழுத வேண்டியிருக்கிறது.

நந்தினி அறிவியல் அணி.

‘நந்தினி மைக்கைப் பிடித்தாள். “இந்தக் கல்லை எடுத்தது எங்க அப்பா. இன்னைக்கு அவர் இதைத் தொட முடியாது” என்றாள். கூட்டம் உறைந்தது —’

அடித்துவிட்டேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. தடுப்பூசி, செயற்கைக்கோள், செல்போன் என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியவன் நான். மைக் கடைசியில் என் கையில்தான் இருந்தது. நான் இரண்டு கண்கள் என்றேன்.

7

அடுத்த வாரம் முத்துசாமி கோப்பில் ஒரு குறிப்பு எழுதினார். ‘நடுவர் அவர்களின் கருத்துப்படியும் ஊர்ப் பொதுமக்களின் விருப்பப்படியும் கல் தற்போதைய இடத்திலேயே பாதுகாக்கப்படுகிறது.’ பாதுகாப்புக்குக் கொட்டகை. கொட்டகைக்கு வேலி. வெள்ளிக்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்பி நின்றார்கள். சர்க்கரைப் பொங்கல் எல்லோருக்கும் கொடுத்தார்கள். காலனிப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே வாங்கிக்கொண்டார்கள். அப்படி நிற்கச் சொன்னது யார் என்று கேட்டால் ஒருவர் பெயரும் வராது.

மார்ச் நடுவில் ஒரு மதிய இடைவேளை. நந்தினி வேலிக் கதவைத் திறந்து உள்ளே போனாள். கையில் அளவு நாடா, நோட்டு. கல்லின் விட்டத்தை அளந்தாள். விரலை வைத்து வரிகளை எண்ணத் தொடங்கினாள். எண்பத்து மூன்றில் யாரோ அதட்டினார்கள். வெளியே வந்துவிட்டாள்.

மாலை நான்கரைக்கு மணிமொழி வீட்டுக்குக் கிளம்பும்போது கொட்டகையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவி, பால் ஊற்றி, மறுபடி தண்ணீர் விட்டார்கள்.

“என்னங்க, இன்னைக்கு ஏதும் விசேஷமா?” என்று கேட்டார் மணிமொழி.

“விசேஷம் ஒண்ணும் இல்ல டீச்சர். சும்மா, சுத்தம் பண்ணுறோம்.”

அன்று மணிமொழி பஸ் ஏறவில்லை. ஆசிரியர் அறைக்கே திரும்பிப் போய் உட்கார்ந்து கல்வி அலுவலகத்துக்கு மூன்று பக்கம் மனு எழுதினார்.

8

மனுவுக்குப் பிறகு வைத்திலிங்கம் பள்ளிக்கு வந்து மணிமொழியைப் பார்த்தார். நான் அங்கே இல்லை. பின்னால் இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. சண்டை போட்டவர்களிடம் இது அபூர்வம்.

“நீங்க சாமி கும்புடுறவங்கதானே டீச்சர்? நெத்தியில விபூதிய வச்சிக்கிட்டு சாமிக்கு எதிரா மனு போடுறீங்களே?”

“கும்புடுறேங்க. அதனாலதான் போட்டேன். என் சாமி செட்டிகுளத்துல மலை மேல இருக்கு. தோணுனா படியேறிப் போறேன். தோணலைன்னா வூட்லயே இருந்துடுறேன். யாரும் கேக்க மாட்டாங்க. இங்க அப்படியா? வராத புள்ளைக்கு நாங்க ஆப்சென்ட் போட்ருவோம். வராம இருக்க முடியாத எடத்துல சாமிய வச்சா, அது புள்ளைங்கள நிக்க வச்சிட்டுக் கும்புடச் சொல்ற மாதிரிதானே?”

“யாரும் கும்புடுன்னு அடிக்கலையே.”

“அடிக்கலைங்க. ஆனா நந்தினி தொட்டதும் கழுவுனாங்க. வகுப்புல அவ தொட்ட மைக்ராஸ்கோப்ப அடுத்த புள்ள அப்படியே தொடுது. யாரும் கழுவுறதில்ல. இந்தப் பள்ளிக்கூடத்துல நான் பெருமையா சொல்லிக்கிறது அது ஒண்ணுதான்.”



“கழுவுனது எனக்குத் தெரியாது டீச்சர். தப்புதான். ஆனா எம்பொண்டாட்டி ஊசி குத்துன கையோட வந்து அதுமுன்னாடிதான் உக்கார்றா. அங்கதான் அவளுக்கு மனசு அடங்குது. அதுக்கு உங்க அறிவியல்ல என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்லைங்க” என்று மணிமொழி சொன்னதாக இருவருமே சொன்னார்கள்.

அன்று மாலை மணிமொழி எனக்கு போன் செய்தார்.

“சார், ஃபைல்ல உங்க தீர்ப்புன்னு எழுதி வச்சிருக்காங்க. அது கொட்டகை கட்டச் சொன்ன தீர்ப்பு இல்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார்.”

“பாக்கலாம்மா” என்றேன். ஒன்பது நாள் பார்த்தேன். அந்த ஊரில் எனக்குப் பதினான்கு பாலிசிதாரர்கள் இருக்கிறார்கள் என்பதை அந்த ஒன்பது நாளில்தான் எண்ணிப் பார்த்தேன். பத்தாம் நாள் எழுதினேன்: ‘நான் சொன்னது மேடைப் பேச்சு. எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்று பயந்து சொன்னது. அதை அனுமதியாகக் கொள்ளக்கூடாது.’ என் கதைகளில் எந்த வாக்கியத்துக்கும் இத்தனை நாள் எடுத்துக்கொண்டதில்லை.

9

முடிவுகள்.

(அ) கல் அருங்காட்சியகத்துக்குப் போகிறது. கண்ணாடிக்குள் விளக்கு வெளிச்சத்தில் ‘கண்டெடுத்தவர்: அ. அமாவாசை’. மணிமொழி பிள்ளைகளோடு சுற்றுலா வந்து —

எழுத இனித்தது. அதனாலேயே நிறுத்தினேன்.

(ஆ) வைத்திலிங்கம் கல்லைத் தன் வயலுக்குக் கொண்டுபோய்ச் சொந்தச் செலவில் கோயில் கட்டுகிறார். எல்லோரையும் உள்ளே அழைக்கிறார். ஜெயலட்சுமி அமாவாசையின் கையில் —

இந்த அளவுக்கு எனக்கு நம்பிக்கை இல்லை.

(இ) நடந்தது.

ஏப்ரலில் உத்தரவு வந்தது: கல்லைப் பள்ளி வளாகத்திலிருந்து அகற்ற வேண்டும். பிரசாத் என்ற இளம் நிலவியல் அலுவலர் வண்டியோடு வந்தார். என் கடிதமும் கோப்பில் இருந்ததால் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். வண்டியில் ஓட்டுநர் மட்டும்தான். தூக்க ஆள் இல்லை. ஊர்க்காரர்கள் அம்மனை நகர்த்த மாட்டோம் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். யாரோ, “அமாவாசையக் கூப்பிடுங்க” என்றார்கள்.

அமாவாசை மூன்று பேரோடு வந்தார். வேலிக் கதவருகே வந்ததும் நின்றார்.

“சார், நான் இத எடுக்கறப்ப கல்லு. அப்பறம் சாமின்னாங்க, சுத்திப் போகச் சொன்னாங்க. போனேன். எம்பொண்ணு தொட்டுச்சு, கழுவுனாங்க. இப்ப தூக்கணும்னா நான்தான் தூக்கணும். அப்ப இது கல்லா, சாமியா? எழுதிக் குடுங்க, தூக்குறேன்.”

பிரசாத் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வண்டியின் முன்பக்கம் தாளை வைத்து எழுதினார். சத்தமாக வாசித்தார்.

“‘இது அம்மோனைட் புதைபடிவம். கல்.’ கையெழுத்துப் போட்டிருக்கேன். சீலும் இருக்கு.”

“சாமி இல்லைன்னு எழுதலையே சார்?”

“அத எழுத எனக்கு அதிகாரம் இல்லைங்க. கவர்ன்மெண்டு கல்லுன்னு சொல்லலாம். சாமியா இல்லையான்னு அதால சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.”

அமாவாசை தலையாட்டினார். அந்தப் பதில் அவருக்குச் சரியாகப் பட்டது போலிருந்தது.

“அப்ப மிச்சத்த அவங்க எழுதட்டும். கல்லுன்னா கல்லுன்னு எழுதட்டும். சாமின்னா, நாங்க தொட்டாலும் அது சாமிதான்னு எழுதட்டும். ரெண்டுல எது எழுதுனாலும் தூக்குறேன்.”

பிரசாத் தாளை வைத்திலிங்கத்திடம் நீட்டினார். வைத்திலிங்கம் வாங்கினார். பேனாவையும் வாங்கினார். கொட்டகைக்குள் நாற்காலியில் இருந்த ஜெயலட்சுமியை ஒரு தரம் பார்த்தார்.

“நான் சொல்லிட்டுத்தான் இருக்கேன், எழுதுங்களேன்” என்றார் ஜெயலட்சுமி. எதை எழுதச் சொன்னார் என்று வைத்திலிங்கத்துக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரியவில்லை.

வைத்திலிங்கம் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“நாலு பேர்ட்ட பேசிட்டுச் சொல்றேன்” என்றார்.

வண்டி காலியாகப் போயிற்று.

10

இதை எழுதும்போது பத்தொன்பது நாள் ஆகிறது. தாள் இன்னும் திரும்பி வரவில்லை. அவர் என்ன எழுதியிருப்பார் என்று இங்கே என்னால் எழுத முடியும். இந்த ஊரைப் பற்றி ஒரு முறை நினைத்தபடி வாக்கியம் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. இம்முறை மாட்டேன். அந்தக் காலி இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் தோன்றட்டும். கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்.

நேற்று அந்தப் பக்கம் போனேன். பள்ளியின் மறுகோடியில் ஆய்வகத்துக்குப் புதிதாகக் குழி தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அமாவாசை இடுப்பளவு ஆழத்தில் நின்றார். என்னைப் பார்த்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எழுதிட்டாரா சார்?”

“இன்னும் இல்லைங்க.”

“எழுதுனா சொல்லி அனுப்புங்க, வரேன். எழுத மாட்டேன்னுட்டாலும் சொல்லி அனுப்புங்க. தெரிஞ்சுக்கணும்ல.”