ஆறு வாரப் பச்சை

தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய வாரத்தில், போத்தனூர் ராசாத்தாளின் முன்கைகள் இரண்டும் இலைப் பச்சையாயின. அதற்கு முன் இரண்டு மாதம், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு, குடித்த கஞ்சிகூட அவள் வயிற்றில் தங்கவில்லை. தங்கியது பக்கத்து வீட்டுப் பாத்திமுத்துவின் வேலியில் படர்ந்திருந்த பசலை மட்டும்தான். யாரும் பார்க்காதபோது பறித்து அப்படியே மென்றாள். மோட்டார் பட்டறையில் கம்பி சுற்றும் வைண்டிங் வேலை செய்து தனியாகப் பிழைப்பவளுக்கு, இரண்டு இலைக்காக ஒருத்தரிடம் போய் நிற்க மனம் வரவில்லை.

கை பச்சையானதும் பசி போயிற்று. ஒரு மணி நேரம் வெயிலில் கைநீட்டி உட்கார்ந்தால் வயிறு நிறைந்தது. டாக்டர் ரத்தத்தைச் சோதித்து எல்லாம் சரி என்றார். பட்டறையில் ஜன்னலோரம் இடம் கொடுத்தார்கள். ஆறு வாரத்தில் பச்சை வெளுத்துப் பசி திரும்பியது; கஞ்சி அப்போதும் தங்கவில்லை, மறுபடி பறித்தாள். இப்படியே நான்கு முறை. கொடி பாதியானது.

பாத்திமுத்துவின் மகள், கடல் உயிரியல் படிக்கும் நிலோஃபர், லீவுக்கு வந்தவள், அந்தக் கைகளைப் பார்த்து வியக்கவில்லை.

“கடல்ல கண்ணுக்குத் தெரியாத உசுரு ஒண்ணு இருக்குதுங்க ஆன்ட்டி. பாசியத் தின்னுபோட்டு, பச்சைய மட்டும் செரிக்காம உள்ள வெச்சுக்கும். அந்தத் திருட்டுப் பச்சை வெயில்ல சமைச்சுப் போடும். தேஞ்சுபோனா மறுபடி திருடோணும்.”

ராசாத்தாள் தலை குனிந்தாள். “அது இருக்கறது வேற ஒருத்தர் ஊடுன்னு அந்தப் பச்சைக்குத் தெரியுமா கண்ணு?”

நிலோஃபர் அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். “தெரியாதுன்னுதான் நெனைக்கறேனுங்க. அது பாட்டுக்கு வேலை செய்யும்.”

அதற்குப்பின் ராசாத்தாள் வேலிப் பக்கம் போகவில்லை. கைகள் வெளுத்தன. வெளுத்த பதினோராம் நாள் பட்டறையில் மயங்கி விழுந்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டதும், சுவரைப் பிடித்தபடி நடந்து பாத்திமுத்துவிடம் போய், பறித்ததையெல்லாம் சொன்னாள்.

“தெரியும் அம்மணி,” என்றாள் பாத்திமுத்து. “நீயா வந்து கேப்பீன்னு இருந்தேன். நான் வந்து குடுத்திருக்கோணும்.” அவளே பறித்து வந்து ஊட்டினாள். அழுதது பாத்திமுத்துதான்.

கொடுத்த இலையும் திருடிய இலையைப் போல ஆறு வாரம்தான் உழைத்தது. ஒரு நாள்கூடக் கூடவில்லை. இப்போது ராசாத்தாள் வீட்டுச் சுவரிலும் பசலை ஏறியிருக்கிறது. இருந்தாலும் கை வெளுக்கும்போதெல்லாம் பாத்திமுத்து வேலிக்கு மேல் ஒரு பிடி நீட்டுகிறாள். ராசாத்தாள் வாங்கி மென்றுகொண்டே, குழாயில் தண்ணீர் வந்ததா என்று விசாரிக்கிறாள்.