யாரிடமும் சொல்லக் கூடாத எண்

இ-சேவை மையத்துக் கவிப்பிரியா திரையைத் திருப்பிக் காட்டினாள். அனுசுயாவின் கல்லூரி உதவித்தொகை விண்ணப்பத்தில் வருமானச் சான்று, சாதிச் சான்று, மார்க் ஷீட் எல்லாமே ஏறிவிட்டன. ஆதாரில் பதிந்த கைப்பேசிக்கு வரும் ஓடிபியைப் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் அது வீட்டில் இருந்த இரண்டு கைப்பேசிகளில் எதனுடைய எண்ணும் இல்லை. கடைசி நான்கு எண்கள் மட்டும் 4417 என்று தெரிந்தன.

"நம்பர் மாத்தப் போட்டா ரெண்டு மூணு நாளாகுமுங்க. இது இன்னைக்கு அஞ்சு மணியோட முடியுதுங்க," என்றாள் கவிப்பிரியா. மணி நாலேகால்.

அனுசுயாவின் அம்மா சின்னத்தாய் மனசுக்குள் கணக்குப் போட்டாள். உதவித்தொகை இல்லையென்றால் கல்லூரியும் இல்லை. மகள் திங்கட்கிழமையே தன்னோடு பனியன் கம்பெனிக்கு வர வேண்டியதுதான்.

அது யாருடைய எண் என்பதும் அவளுக்கு நினைவு வந்துவிட்டது. வராமலே இருந்திருக்கலாம். கமுதிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்த புதிதில் போனுக்கு எங்கே போவது? அனுசுயாவுக்கு அப்போது ஆறு வயது. அருள்புரத்துக் கம்பெனியில் ஆதார் எடுக்க வந்தபோது, போன் இல்லாதவர்களுக்கெல்லாம் சூப்பர்வைசர் பாரூக் பாய்தான் தன் நம்பரைக் கொடுத்தார். அந்த நல்ல மனிதருக்கு இவள் செய்த கைம்மாறு என்ன தெரியுமா? கிறிஸ்துமஸ் ஆர்டர் கழுத்தை நெரித்த நேரத்தில், நாளுக்கு ஐம்பது ரூபாய் கூடக் கிடைக்கிறதென்று சொல்லாமல் கொள்ளாமல் வேறு கம்பெனிக்கு நடையைக் கட்டினாள். பன்னிரண்டு வருஷமாக அவரைக் கண்டால் சந்து மாறிப் போகிறாள்.

இப்போது மானம் பார்க்க நேரமில்லை. பழைய கம்பெனித் தோழி தெய்வாத்தாளிடம் அந்த நம்பரை வாங்கிக் கூப்பிட்டாள்.

"பாய், நாந்தேன், ஓவர்லாக் மிசின் தச்ச சின்னத்தாயி. புள்ளையோட காலேசுப் பணத்துக்கு எழுதிப் போடுறோம். ஒங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். அதச் சொல்லணும்."

பாயின் குரல் சட்டென்று உஷாரானது.

"தப்பா நெனைக்காதீங்க அம்மிணி. ஓடிபிய யாருக்குமே சொல்லக் கூடாதுங்கறாங்க. எம்பட மச்சான் இப்படிச் சொல்லித்தான் இருந்ததெல்லாம் போயிருச்சுங்க. நீங்க சின்னத்தாயிதான்னு எப்படிங்க நம்பறது?"

பேரையும் ஊரையும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சின்னத்தாய் பக்கத்தில் நின்ற மகளை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"கிறிஸ்துமஸ் ஆர்டர் நடுவுல, எழுநூறு பீஸ மிசின்லயே போட்டுட்டு ஓடிப்போனவ நாந்தேன், பாய்."

பாய் சிரித்தே விட்டார். "எழுநூறு இல்லீங்க, எண்ணூறு! அத்தனையும் நான்தானுங்க உக்காந்து தெச்சேன். செரி, அனுப்பச் சொல்லுங்க."

கவிப்பிரியா அழுத்தினாள். பாய் ஆறு எண்களையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நாலே முக்காலுக்கு விண்ணப்பம் ஏறிவிட்டது. சின்னத்தாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இன்னமுமா பாய் இந்த நம்பர வச்சிருக்கீக?"

"பேசறதுக்கு வேற போன் இருக்குதுங்க. இந்தப் பட்டன் போனுக்குச் சும்மா ரீசார்ஜ் மட்டும் பண்ணீட்டிருக்கறேன். பதினாலு பேர்த்துக்கு இந்த நம்பரக் குடுத்தனல்லோ? உங்களோட சேத்தி அஞ்சு பேரு கூப்புட்டாச்சு. இன்னும் ஒம்பது பேரு இருக்கறாங்களே!"

மன்னிப்புக் கேட்க நினைத்தாள், நன்றி சொல்ல நினைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை மகளிடம் நீட்டினாள்.

"ஒன் மாமன், தாயி. பேசு."