பெட்டிக்குள் ஒன்பது நிமிடம்

1

என் வீட்டு இணைய இணைப்பு பழுதாகியிருக்காவிட்டால் இந்தக் கதை எனக்குக் கிடைத்திராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை அதைத் திருத்த வந்தவள் பிரசாந்தி. யாழ்ப்பாணத்தில் தனியாகத் தொழில் செய்கிறாள். அலுவலகங்களின் கணினிகளை ஒன்றோடொன்று இணைத்துக் கொடுப்பது அவள் வேலை. தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணை, ஒரு மனிசிக்கு நான் அநியாயம் செய்துபோட்டன்" என்றாள்.

எழுதுகிறவனிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

2

முதல் தொடக்கம்: "காலம் இறைவனுடையது. மணிக்கூடு மட்டுமே மனிதனுடையது. ஆகவே அன்பர்களே..." [பிரசங்கம். வெட்டிவிட்டேன்.]

இரண்டாவது: பருத்தித்துறைப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்க அலுவலகம். நான்கு மாதங்களுக்கு முன் பிரசாந்தி அங்கே ஒரு பெட்டியைப் பொருத்தினாள். அலுவலகக் கணினிகள் எல்லாம் அதன் வழியாகவே இணையத்துக்குப் போகும். புதுப் பெட்டிக்குச் சில அடிப்படைச் சங்கதிகளைச் சொல்லிவைக்க வேண்டும்: அதன் பெயர், கடவுச்சொல், எந்த நாட்டு நேரம், சரியான நேரத்தை இணையத்தில் எந்த நேர சேவையகத்திடம் கேட்டுக்கொள்வது.

பெயர் வைத்தாள். கடவுச்சொல் வைத்தாள். இலங்கை நேரம் என்று குறித்தாள். ஆனால் அன்று இணைப்பு வந்து சேரவில்லை. சேவையகத்திடம் கேட்க வழியில்லை. கைபேசி அடுத்த அறையில் சார்ஜில் கிடந்தது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைக் கையால் பதித்தாள். இணைப்பு வந்ததும் மாற்றலாம் என்று நினைத்தாள்.

பிறகு மறந்துபோனாள்.

3

அந்தச் சுவர் மணிக்கூடு ஒன்பது நிமிடம் முந்தி ஓடுவது. தெரிந்தே அப்படி வைத்தவர் முகாமையாளர் நமசிவாயம்.

"நாலரை பஸ்ஸை விட்டால் சனம் ஆறு மணிமட்டும் றோட்டிலை காயோணும். அதுதான் தள்ளி வச்சனான்" என்பார்.

அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் அது தெரியும். ஒன்பதைக் கழித்துத்தான் பார்ப்பார்கள். பெட்டிக்குக் கழிக்கத் தெரியாது. வரவைப் பதியும் கைரேகை இயந்திரமோ பெட்டியிடம்தான் நேரம் கேட்கிறது.

மற்றவர்கள் மோட்டார் சைக்கிளில் வேளைக்கே வந்துவிடுவார்கள். துப்புரவு வேலை செய்யும் லூர்த்தம்மா மட்டும் முதல் பஸ்ஸில் வந்து, வேலை தொடங்கும் எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது விரல் வைப்பார். இயந்திரம் எட்டு நாலு என்று பதியும். ஆறு வருடம் தற்காலிக வேலை. இந்த முறை நிரந்தரமாக்கலாம் என்றிருந்தார்கள், வரவு ஒழுங்காக இருந்தால்.

"ஐயா, பஸ் நேரத்துக்குத்தானே வந்தது" என்று நமசிவாயத்திடம் சொல்லிப் பார்த்தார்.

"பஸ்காரன் பொய் சொல்லுவான். மிசின் சொல்லாது லூர்த்தம்மா."

"அப்ப நான்தான் பிந்துறன் போல."

இருபத்திரண்டு நாள் பிந்தியதாகப் பதிவான பிறகு அவர் பஸ்ஸில் வருவதை விட்டார். அதற்கு முந்திய பஸ் கிடையாது. காலை ஆறரைக்கு வெளிக்கிட்டு ஐந்து கிலோமீற்றர் நடக்கத் தொடங்கினார்.

4

நமசிவாயத்தைக் கெட்டவராக எழுத முயன்றேன். தடித்த மீசை, ஏளனச் சிரிப்பு, [வேண்டாம்] ...பேனா நகரவில்லை. மற்றவர்கள் வெயிலில் நிற்கக் கூடாதென்று மணிக்கூட்டைத் தள்ளிவைத்த மனிதர் அவர். சின்னச் சின்ன இரக்கங்களில்தான் இறைவன் குடியிருக்கிறான் என்று இருபது வருடமாக எழுதிவருகிறேன். இந்த ஒன்பது நிமிடமும் அப்படியொரு இரக்கம்தான். அது ஒருத்தியை ஐந்து கிலோமீற்றர் நடக்க வைத்திருக்கிறது.

(இந்த இடத்தில் ஒரு சமாதானம் எழுதியிருந்தேன். வாசித்தபோது எனக்கே அது பொருந்தவில்லை.)

5

செவ்வாய்க்கிழமை வேறொரு வேலையாக அங்கே போன பிரசாந்தி பெட்டியைத் திறந்து பார்த்தபோது பிழை தெரிந்தது. நேர சேவையகத்தின் முகவரியைப் பதிந்தாள். அரை நிமிட வேலை. உடனே நமசிவாயத்திடம் போய்ச் சொன்னாள்.

"சரியாக்கிப்போட்டியெல்லோ? பிறகேன் கிளறுறாய் தங்கச்சி? நிர்வாகத்துக்குத் தெரிஞ்சால் உன்ரை ஒப்பந்தமும் போகும், என்ரை மரியாதையும் போகும்."

இனிமேல் நேரம் சரியாக இருக்கும். பழைய இருபத்திரண்டு நாள் அப்படியே இருக்கும். யாராவது கடிதம் எழுதிக் கொடுத்தால்தான் அது மாறும். நியமனங்களை முடிவுசெய்யும் கூட்டம் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு.

6

முடிவு (அ): பிரசாந்தி கடிதம் எழுதுகிறாள், ஒப்பந்தத்தை இழக்கிறாள், லூர்த்தம்மா நிரந்தரமாகிறார்.

முடிவு (ஆ): கூட்டத்தில் நமசிவாயம் தானே எழுந்து நின்று, கண் கலங்க...

இதுவரை எழுதியதை இன்று வியாழக்கிழமை பிரசாந்திக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"உங்கடை கதையளிலை எல்லாரும் கெதியாத் திருந்திப்போடுவினம் அண்ணை" என்று சிரித்தாள். "எனக்கு முதல் நீங்களே என்னைத் திருத்திப்போட்டால் நான் பிறகு என்னத்தைச் செய்யிறது?"

"கடிதம் எழுதினனியோ?"

"பாதி எழுதிப்போட்டு வச்சிருக்கிறன். அந்த ஒப்பந்தம் போனால் எனக்கு வேறை பெரிய இடமில்லை." பேச்சை மாற்றினாள். "அதை விடுங்கோ. லூர்த்தம்மா இண்டைக்கும் நடந்துதான் வந்தவவாம். நேரம் சரியாப்போச்செண்டு ஆரும் அவவுக்குச் சொல்லேல்லை. உங்களுக்கு நேற்றே தெரியும்தானே. நீங்கள் சொன்னனீங்களோ?"

நான் சொல்லவில்லை.

7

ஏன் சொல்லவில்லை என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அவர் நடந்தால்தான் கதை நன்றாக இருந்தது. இறைவனுக்கு முன் சொல்லக் கூசும் காரணம்தான். ஆனாலும் அதுதான் காரணம்.

நாளை காலை ஆறேகாலுக்கு லூர்த்தம்மாவின் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை முகப்பில் நிற்பேன். பிழை அவருடையதல்ல என்று சொல்வேன். எப்படி நடந்தது என்பதையும் சொல்வேன். பத்து மணிக்கு அந்தக் கூட்டத்தில் என்ன கேட்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும். இதைப் பிரசாந்தியிடம் சொல்லி, "நீயும் வாறியோ?" என்றேன்.

"எத்தினை மணிக்கெண்டு சொன்னனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

இதோடு நான் எழுதுவதை நிறுத்துகிறேன். நாளை அங்கே நான் தனியாக நின்றேனா, பாதிக் கடிதத்தை முடித்துக்கொண்டு இன்னொருத்தியும் வந்து நின்றாளா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் விருப்பம்.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். எந்த முடிவை எழுதினாலும் லூர்த்தம்மாவை அதில் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள்.