ஐந்து குடிநிலம்

என் புருஷன் ஹுன்லாஃப் தெய்ன் என்ற பிரபுப் பட்டம் வாங்கியதிலிருந்து என் இடுப்பு நிமிர்ந்த நாளில்லை. பட்டம் சும்மா வருமா? ஐந்து குடிநிலம் வேண்டும், அதாவது ஐந்து குடும்பம் உழுது பிழைக்கிற பூமி. வாசலில் பெரிய கோட்டைக் கதவு வேண்டும், மணிக்கூண்டு வேண்டும். எங்கள் வெசெக்ஸ் நாட்டு அரசர் போருக்குக் கூப்பிட்டால் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தெய்ன் என்றால் பழைய பேச்சில் ஏவலாள் என்றுதான் அர்த்தம். அதை எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் வடித்துக் கொட்டுகிற நான் மறக்கவில்லை.

ஒரே ஒரு லாபம் உண்டு. சபையில் ஒரு தெய்ன் செய்கிற சத்தியம் ஆறு குடியானவர்களின் சத்தியத்துக்குச் சமம்.

அதை நம்பித்தான் டில்ரெட் மோசம் போனான். பக்கத்து நிலத்துக்காரன், சிறு வயதிலிருந்து என் புருஷனோடு ஒரே ஏரில் மாடு பூட்டியவன். மேற்கூர்க்காரனின் எருதைத் திருடிவிட்டான் என்று அவன்மேல் பழி. பன்னிரண்டு பேர் அவனுக்காகச் சத்தியம் செய்தால் தப்பலாம், இல்லாவிட்டால் வலது கை போகும். அறுவடை நேரத்தில் யார் வருவார்கள்? ஆறு பேரைப் பிடித்தான். மீதிக்கு ஹுன்லாஃப் இருக்கிறானே என்று தேடுவதை விட்டுவிட்டான்.

ஓக் மரத்தடியில் சபை கூடியது. அரசரின் அதிகாரி விக்மண்ட் தாடியைச் சொறிந்தான்.

"ஏம்ப்பா ஹுன்லாஃப், வெள்ளத்துல இவன் நெலம் போனப்ப நீ அரைக் குடிநிலம் குடுத்தியாமே?"

"ஆமா, குடுத்தேன்."

"அப்ப உன்கிட்ட இருக்கறது நாலரை. நாலரைக்கு ஏதுப்பா பட்டம்? உன் சத்தியமும் ஒரு ஆள் கணக்குதான்."

"மணிக்கூண்டுல கோழி அடைச்சுக்கோ!" என்று பின்னாலிருந்து எவனோ கத்தினான். சபையே சிரித்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏங்க, குடுத்தது ஒரு குத்தமா?"

"குத்தமில்லம்மா. சட்டம்."

கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற ஆளில்லை ஹுன்லாஃப். அதுவும் டில்ரெட்டிடம் மிச்சமிருந்ததே அந்த அரைதான்.

டில்ரெட் தன் வலது கையைப் பார்த்தான். பிறகு குனிந்து, காலில் ஒட்டியிருந்த சேற்றை வழித்து ஹுன்லாஃபின் உள்ளங்கையில் வைத்தான். நிலம் கைமாறினால் அந்த மண்ணைக் கையில் வைப்பது எங்கள் வழக்கம்.

"அந்த வயல் சேறுதான். திருப்பிக் குடுத்துட்டேன். எல்லாரும் சாட்சி."

"டேய், வேணாம்டா!" என்றான் ஹுன்லாஃப்.

"சும்மா இருங்க. சத்தியத்தைப் பண்ணுங்க," என்றான் டில்ரெட்.

ஐந்து நிறைந்தது. ஹுன்லாஃப் சத்தியம் செய்தான். டில்ரெட்டின் கை தப்பியது.

திரும்பி வரும்போது ஹுன்லாஃப்தான் ஆரம்பித்தான்.

"நாளைக்கே உன் நெலத்தை உன்கிட்டயே குடுத்துடறேன்டா."

"குடுத்தா நீங்க மறுபடி நாலரை. சத்தியம் செல்லாதுன்னு மேற்கூர்க்காரன் வந்து நிக்க மாட்டானா? நீங்களே வச்சுக்கங்க." என்றான் டில்ரெட். "நாளைக்கு எந்தப் பக்கம் அறுக்கணும்னு மட்டும் சொல்லுங்க எஜமான்."

தோளில் கை போட்டுக்கொண்டு நடக்கிறவன், இப்போது எங்களுக்குப் பின்னால் தள்ளி வந்தான். சேர்ந்து நடக்கட்டும் என்று ஹுன்லாஃப் நின்றான்.

அவனும் நின்றுவிட்டான்.